ஸ்டார் இறக்காத வீடு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

மஸ்கட்டில் நீங்கள் டீச்சர்கள் எல்லோரும் கேக் வெட்டிய போட்டோ வந்தது. உன் முகம் தெளிவாக இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டாயாம், உன் தம்பிதான் சொன்னான். நல்ல ஸ்கூலாம். இருக்கட்டும்.

நேற்று கிறிஸ்துமஸ் அன்றும் எனக்கு மைன்ஸில் முதல் ஷிப்ட். சர்ச்சுக்குப் போகவில்லை. வந்து கோழிக்குழம்பு வைத்தேன், உப்பு ஜாஸ்தி.

எதிர் குவார்ட்டர்ஸ் தேவயானி, "என்னண்ணே, எல்லாரும் இப்பதான் ஸ்டார் கட்றாங்க, உங்க வூட்ல மட்டும் வருஷம் பூரா தொங்கிகினு இருக்கே?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். மழையில் காகிதமெல்லாம் போய்க் கம்பிதான் மிச்சம்.

போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு நீ கட்டியது. மஸ்கட்டுக்குக் கிளம்பின அவசரத்தில் இறக்கவில்லை. கட்டின கைதான் இறக்கணும் என்று சட்டம் போட்டதும் நீதான்.

ஸ்டூலை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்