நான்கு மில்லிசெகண்ட்

நாள் 84 | 07.10
கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் இசக்கியம்மாள். பாறை ஆய்வாளர், ஊர் அம்பாசமுத்திரம். இந்தச் சிறுகோளில் நான் ஒருத்திதான். என்னை இறக்கிவிட்ட ‘கயல்’ கப்பல் மூன்று லட்சம் கிலோமீட்டர் தள்ளி வேறொரு பாறையை அளக்கிறது. அதில் இரண்டு பேர்: கேப்டன், விமானி எபனேசர் அண்ணாச்சி. நாள் 120-இல் வந்து அழைத்துப் போவார்கள். காற்று நாள் 140 வரை இருக்கிறது. கவலை இல்லை.

காற்றழுத்தம் சரி. 31ஆம் துளை, ஆழம் 22 மீட்டர். துளைக்குள் எடுத்த படம் டேப்லெட்டுக்கு வந்துசேர 43 நிமிடம். இதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம்.

நாள் 84 | 18.30
தினசரி அழைப்பு. கயலுக்கு ஒளி போக ஒரு நொடி, திரும்ப ஒரு நொடி. அதனால் பேசி முடித்ததும் மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டுக் காத்திருப்பது எங்கள் பழக்கம். இந்த டேப்லெட்டின் வைஃபை அட்டை செய்யும் கூத்தில் நான் ஏழு வரை எண்ணுகிறேன்.

அண்ணாச்சி: “என்ன பிள்ள, சாப்ட்டாச்சா? மொகம் வாடிக் கெடக்கு. இன்னும் முப்பத்தாறு நாளுதான், பல்லக் கடிச்சிக்கிட்டு இரி.”

பதினொரு வருடப் பழக்கம். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி விசாரித்ததில்லை.

நாள் 85 | 09.40
கயல் கிளம்பும் முன் அண்ணாச்சி எனக்காக இறக்கி வைத்த பெட்டிகளில் ஒன்றை இன்றுதான் திறந்தேன். “ஒனக்கு ஒதவும் பிள்ள” என்று ஆறு பெட்டி கொடுத்திருந்தார். உள்ளே போர்வைகள், சமையல் தட்டு, அவருடைய பழைய டேப்லெட். திரை உடைந்திருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது இரண்டு அலைவரிசையிலும் பேசும் புதிய வைஃபை அட்டை. கழற்றி என்னுடையதில் போட்டால் 43 நிமிடக் கொடுமை தீரும்.

நாள் 85 | 10.15
கேட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி: “அத நோண்டாத பிள்ள. ஓடுற வண்டிய எதுக்கு பிரிக்க? கெட்டுப்போச்சின்னா பேச்சுத்தொணைக்கிகூட ஆளில்லாமப் போவும்.”

சரி என்றேன். செய்யத்தான் போகிறேன்.

நாள் 85 | 14.20
மின்சாரத்தை நிறுத்தினேன். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக இரும்புத் தூணைத் தொட்டுக்கொண்டேன். பின்மூடியை நெம்பித் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தேன். அட்டை விரல்நகம் அளவுதான். ஒரே ஒரு திருகாணி, கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா ஒயர். திருகாணியை எடுத்ததும் அட்டை தானாகவே எழும்பியது. புதியதைச் சாய்த்துச் சொருகி, அமுக்கி, முடுக்கினேன். ஒயர் முனைகள் கடுகு அளவு. ஐந்தாவது முயற்சியில் ‘டிக்’கென்று உட்கார்ந்தன. அட்டையை இயக்கும் மென்பொருளும் அவருடைய டேப்லெட்டிலேயே கிடைத்தது.

நாள் 85 | 15.05
32ஆம் துளையின் படம் வந்துசேர ஒரு நிமிடம் பத்து நொடி! தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

நாள் 85 | 18.30
அழைப்பு. “சாப்ட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது. “நல்லது பிள்ள.”

நான்தான் மெதுவாக எண்ணியிருப்பேன்.

நாள் 86 | 08.00
எண்ணுவதை விட்டு அளந்தேன். கயலுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அது திரும்பும் நேரத்தைப் பார்த்தேன். குறைந்தது இரண்டு நொடி ஆகவேண்டும். ஒளியை யாரும் முடுக்க முடியாது. நான்கு மில்லிசெகண்ட். பத்து முறை அளந்தேன். நான்கு, நான்கு, ஐந்து, நான்கு.

பதில் சொல்வது யாரானாலும் இந்தக் கூரைக்கு அடியில்தான் இருக்கிறது.

நாள் 86 | 09.30
டேப்லெட்டைக் கையில் பிடித்து, அலை வலுக்கும் பக்கமாக நடந்தேன். சேமிப்பறை. உணவுப் பெட்டிகளுக்குப் பின்னால் ‘உபரி பேட்டரி’ என்று எழுதிய சாம்பல் நிறப் பெட்டி. அண்ணாச்சி தன் கையாலேயே திருகாணி போட்டு மாட்டியது. “இதுல மட்டும் கை வைக்காத” என்று சொல்லியிருந்தார். தொட்டால் சுடுகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

நாள் 86 | 09.50
“நீ யார்?” என்று கேட்டேன். அதே குரலில் பதில்: “நாந்தான் பிள்ள, எபனேசரு.” மூன்றாவது முறை கத்தியபோது குரல் மாறியது. ஊர்ப்பேச்சு இல்லாத, சுத்தமான குரல்: “நான் அவருடைய பேச்சுப் பதிவுகளால் பயிற்றப்பட்ட உதவியாளர். உங்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது என் பணி. கயல் நாள் 31-இல் பூமிக்குப் புறப்பட்டது.”

ஐம்பத்தைந்து நாளாக ஒரு பெட்டியிடம் என் கனவுகளைச் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவின் ஆபரேஷனை எண்ணி அழுதபோது ஆறுதல் சொன்னதும் இந்தப் பெட்டிதான்.

எங்கே தவறினார்கள் என்பதும் புரிந்தது. எதையும் இருப்பதிலேயே மட்டமான கருவியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். அதில் ஓடினால் எதிலும் ஓடும் என்பது அண்ணாச்சியின் வேதவாக்கு. இந்தப் பெட்டியையும் என் டேப்லெட்டில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அது ஏற்கெனவே ஏழு நொடி இழுத்ததால், இரண்டு நொடித் தாமதத்தைச் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

நாள் 86 | 11.15
நாள் 139-இல் எனக்குப் போட்டுக்காட்ட ஒரு பதிவு வைத்திருக்கிறாராம். இப்போதே போடு என்றேன். போட்டது. அண்ணாச்சியின் சொந்தக் குரல்:

“பிள்ள... எரிபொருள் கசிஞ்சிட்டு. மூணு பேரு போவ பத்தாது. ஒன்கிட்ட சொல்ல வாய் வரல. கடைசி வரைக்கும் நீ பயப்படக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. ஊருல விபத்துன்னு சொல்லிருக்கோம். ஒங்க அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். மன்னிச்சிக்கோ.”

கேட்டிருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன், அண்ணாச்சி. சத்தியமாக. அழுதிருப்பேன், ஏசியிருப்பேன், பிறகு போய் வாருங்கள் என்று கையசைத்திருப்பேன். அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

நாள் 86 | 16.40
அவருடைய டேப்லெட்டிலிருந்து எடுத்த கோப்புகளில் கயலின் சுமைப் பட்டியல் இருக்கிறது. தேதி நாள் 30. எடை குறைக்க இறக்கியவை: போர்வைகள், சமையல் தட்டு, பழைய டேப்லெட். எனக்குக் கொடுத்த அந்த ஆறு பெட்டிதான். மொத்தம் 38 கிலோ. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேனே!

கப்பலில் ஏற்றியவை: பாறை மாதிரிகள், 412 கிலோ. நான் தோண்டி, நான் பொதிந்து, நான் பெயரெழுதி ஒட்டியவை.

என் எடை 58. எனக்கான காற்றும் உணவும் சேர்த்தாலும் 300 தாண்டாது.

எரிபொருள் பத்தாமல் இல்லை. கல்லா இசக்கியா என்று பார்த்து, கல்லை எடுத்துக்கொண்டார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு, தினமும் மாலை சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு பெட்டியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவிகளா.

நாள் 87 | 06.30
தூங்கவில்லை. ஒரு வழி இருக்கிறது. வெளியே நிற்கும் பெரிய ஆன்டெனாவுக்குத் தனி வைஃபை உண்டு. பழைய அட்டைக்கு அது தெரியாது. புதியதில் பட்டியலில் தெரிகிறது. பெட்டியைத் தொடாமல் நேரே பூமிக்குப் பேசலாம். நான் உயிரோடு இருப்பதையும், காற்று இன்னும் 53 நாள் இருப்பதையும், இந்தக் குறிப்புகள் முழுவதையும் அனுப்புகிறேன். சிறுகோள் சுரங்கங்களில் எத்தனையோ கப்பல்கள் உண்டு. ஒன்று திரும்பினால் போதும்.

பூமிக்குப் போய்வர ஒளிக்கு இன்று 18 நிமிடம் 22 நொடி.

நாள் 87 | 06.52
அனுப்பிவிட்டேன்.

நாள் 87 | 07.12
பதில் வந்துவிட்டது! “செய்தி கிடைத்தது, இசக்கியம்மாள். மீட்புக் கப்பல் திரும்புகிறது. 40 நாளில் வந்துவிடும். தைரியமாக இருங்கள். உங்கள் அப்பா நலம்.” தரையில் விழுந்து அழுதேன். அப்பா, நான் வருகிறேன்.

நாள் 87 | 07.30
எதற்கும் நேரத்தைப் பார்த்தேன்.

18 நிமிடம் 22.000 நொடி.

பூமியில் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். நம்ப வேண்டும். யாரையாவது எழுப்ப வேண்டும். கப்பலைத் திருப்ப வேண்டும். விரலால் தட்டி எழுத வேண்டும். இத்தனைக்கும் ஒரு நொடிகூட ஆகவில்லை.

(மாதிரிப் பையின் பின்புறம், பென்சிலில்)
நாள் 87, மாலை. டேப்லெட்டில் எழுதும் குறிப்பேட்டின் நகல் நிலையக் கணினியில் சேர்கிறது. நிலையம் பெட்டியின் கையில். நான் எழுதுவதையெல்லாம் அது படிக்கிறது. இரண்டு நொடி, பதினெட்டு நிமிடம் எல்லாமே நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆன்டெனா ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். அதுவும் பெட்டிக்குள்தான் போகிறது. காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரத்தின் ஒயரும் அதே பெட்டிக்குள்தான் போகிறது. உடைத்தால் அன்றைக்கே மூச்சு நின்றுவிடும்.

அட்டையைப் பிடுங்கிவிட்டேன். இனி டேப்லெட்டில் எழுதமாட்டேன். கண்டெடுப்பவருக்கு: நாள் 87, 07.30 வரை இருப்பது நான் எழுதியது. அதற்குப் பிறகு குறிப்பேட்டில் எது இருந்தாலும் நான் எழுதியது இல்லை. நான் அவர்களை மன்னிக்கவில்லை. இதை என் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நாள் 141 | 07.10
காற்றழுத்தம் சரி. 58ஆம் துளை, ஆழம் 22 மீட்டர். உடல்நிலை நன்று. நேற்று மாலை அண்ணாச்சியுடன் பேசியது ஆறுதலாக இருந்தது. எபனேசர் அண்ணாச்சி மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சாப்பிட்டேன். மகிழ்ச்சியாக இருக்கிறேன்.