தர்சிகாவின் வெற்றுத் தாள்

நவம்பர் 4, செவ்வாய்
மழை. தமிழ்ச் சங்கத்தின் பின்னறையில் ஹீற்றர் இன்றும் வேலை செய்யவில்லை. இந்த ஹனோவர் நகரில் அதைத் திருத்த ஒரு ஆள் இல்லை.
என் வகுப்பில் படிப்பும் வேலையும் இல்லாத இளையவர்கள் ஐந்து பேர். அடுத்த மூன்று மாதம் என்ன கற்கப் போகிறோம் என்று அவரவரே யோசித்து எழுத வேண்டும். வெள்ளி பன்னிரண்டு மணி வரைதான். எழுதாதவரின் இடம் அடுத்த ஆளுக்கு.
"நீங்களே சொல்லுங்கோ அக்கா, நாங்கள் எழுதுறம்." மூன்று வாரமாக இதே பாட்டு. நான் சொன்னால் பிறகு எதற்கு இந்த வகுப்பு?
வாங்க: தேயிலை, பேனை, மகளுக்குக் காலுறை.

நவம்பர் 5, புதன்
நான்கு திட்டங்கள் வந்தன. சந்தேகப்படும் அளவுக்கு அருமை. இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசாத நிரோகூட "தயவுடன் பரிசீலிக்குமாறு" என்கிறான். நான்கிலும் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதும் அதே ஜேர்மன் நடை.
கேட்டேன். நிரோ முகட்டைப் பார்த்தான். "தர்சிகாதான் எழுதித் தந்தவ."
ஐந்தாமவளான அவளுடைய தாள் மட்டும் வெறுமை. கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

நவம்பர் 6, வியாழன்
தர்சிகாவின் அம்மா போன். நாளை வரமாட்டாளாம். அப்பாவுக்குக் கண் டொக்டரிடம் டெர்மின், நேரம் குறித்தாயிற்று, கூடப் போய் மொழிபெயர்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து வீட்டு விண்ணப்பம், டெர்மின் எல்லாம் அவள் தலையில்தான். பள்ளியை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான்.
இடம் போய்விடும் என்று பக்குவமாகச் சொன்னேன்.
"நீங்களே ரண்டு வரி எழுதி விடுங்கோவன்."
எரிச்சல். அதைவிட எரிச்சல், போனை வைத்ததும் பேனையை எடுத்தேன். தாதிப் பயிற்சி என்று பாதி எழுதி, கிழித்தேன். எனக்கும் இதே வியாதி.

நவம்பர் 7, வெள்ளி
வெயில். 11.35. ஆளில்லை. தாள்களை வாங்கிப் போக மேலாளர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
11.50. மூச்சிரைக்க வந்தாள். அப்பாவை டொக்டரிடம் தனியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "இருபத்தஞ்சு வருசமா இஞ்ச இருக்கிறார். சமாளிக்கட்டும்."
தாளைக் கொடுத்தேன். என்ன எழுதுவதென்று நான் சொல்லித் தரவில்லை. எவ்வளவு கஷ்டம் அது.
"எனக்கு என்ன விருப்பம் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை அக்கா."
மேசையில் அவளுடைய போன் அடித்தது. அப்பா. அவள் எடுக்கவில்லை.
11.58. எழுதினாள். ஒரே சொல்: நீச்சல்.
மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று என்னைக் கேட்டார். அவளைக் கேளுங்கள் என்றேன்.