திரைக்கும் அலாரத்துக்கும் ஒரே பின்

கோபக்காரத் தம்பிக்கு,

உன்னைவிடக் கோபக்காரியான அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடுப்பதில்லை, மெசேஜைத் திறப்பதில்லை. கவரையாவது கிழித்துப் பார்ப்பாய் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூச்சுத்திணறல் கொஞ்சம் குறைவு. பிடிவாதம் மட்டும் கூடியிருக்கிறது.

போன வாரம் நடந்ததைக் கேள். மத்தியானத் தூக்கத்தில் அப்பா, ரத்தத்தில் ஆக்சிஜனும் நாடியும் பார்க்க நாம் செய்து கொடுத்த கருவியின் கிளிப்பை விரலிலிருந்து உருவிவிட்டார். உடனே அலாரம் அடிக்க வேண்டும் அல்லவா? ஒரு முனகல்கூட இல்லை. துணி எடுக்க அறைக்குள் போனால், நாடியைக் காட்டும் உன் அலைக்கோடு திரையில் தட்டையாக ஓடுகிறது. சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினேன். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கருவியைப் பிரித்து உட்கார்ந்தேன். சிப்பில் இடம் போதாமல் திரைக்கும் அலாரத்துக்கும் ஒரே பின்னை, அந்த ஒற்றை இணைப்புக் கம்பியை, பொதுவாக வைத்தோமே, அங்கேதான் வினை. திரையை இயக்க நீ எழுதிய டிரைவர் புரோகிராம் படம் வரைய அந்தப் பின்னைத் தன் பக்கம் மாற்றிக்கொள்கிறது. அலைக்கோடு ஓயாமல் ஓடுவதால் திருப்பித் தருவதே இல்லை. அலாரத்துக்கு நான் எழுதிய டிரைவர் மட்டும் யோக்கியமா? தொடக்கத்தில் ஒருமுறை பின்னை அமைத்துவிட்டு, இன்னும் அது தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பி வீணாகக் கத்துகிறது. நீ திரையைத் தனியாகச் சோதித்தாய், நான் அலாரத்தைத் தனியாகச் சோதித்தேன். சேர்த்து ஓட்டிப் பார்க்கத்தான் நமக்குள் பேச்சே இல்லையே!

என் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இனி யாருக்குப் பின் வேண்டுமென்றாலும் கேட்டு வாங்க வேண்டும், அலாரம் கேட்டால் திரை பாதியிலேயே விட வேண்டும். ஆனால் பாதியில் நிறுத்தினால் உன் திரை உறைந்து, பழைய அளவையே காட்டிக்கொண்டு நிற்கிறது. எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது உன் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. ஒரு வரி எழுதி வைத்தால் குறைந்தா போய்விடுவாய்?

சரி, திரையை அணைத்துவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை. அது என் பையன் போட்ட கோடு, அது ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்கிறார். இந்த வீட்டில் கால் வைக்காதே என்று உன்னிடம் கத்தியவரும் இவரேதான்! உங்கள் இருவருக்கும் நடுவில் என் பிராணன் போகிறது.

ஆகவே என் திருத்தத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டேன்; பழையபடி திரை ஓடுகிறது, அலாரம் ஊமை. அதன் வேலையை நானும் உன் அத்தானும் முறைபோட்டுப் பார்க்கிறோம். இதை எழுதும்போதும் என் ஒரு கண் அப்பா விரலில்தான் இருக்கிறது. எத்தனை நாளைக்கடா இப்படி?

நீ அவரிடம் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். வந்து அந்த டிரைவரைச் சரிசெய்துவிட்டு அடுத்த வண்டியிலேயே கிளம்பு, நான் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சோதிக்கும்போது கிளிப்பை அவர் விரலில் மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டும். அதற்கு நான் வர மாட்டேன். அவர் கையை நீதான் பிடிக்க வேண்டும்.

நன்றாயிரு. சீக்கிரம் வா.

தூக்கம் கெட்டுக் கிடக்கும்
உன் அக்கா