சபை ஹால் கணினியில் கிணற்றுக் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். ஆம்பூரை அடுத்த ஊர், சர்ச் சபை ஹால். தோல் கம்பெனிக் கழிவு கிணற்றில் இறங்குகிறது என்ற புகாருக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். புகார் செல்வியுடையது. ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஞாயிறுதோறும் தன் கிணற்றில் உப்பு மீட்டரை விட்டுப் பார்த்த எண்கள் எல்லாம் நான் ரூபி என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரலில். என் வீட்டில் ஓடுகிறது. ஹால் கணினியில் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரே வரி: டேட்டாபேஸ் லைப்ரரி இல்லை.

தோல் கம்பெனி மேனேஜர்: "கெணத்துல இன்னா இருக்குதுன்னு அப்புறம் பாக்கலாம் சார். மொதல்ல பொட்டியில ஒண்ணும் இல்லியே."

அதிகாரியும் சிரித்தார். வெள்ளிக்கிழமை காட்டாவிட்டால் புகாரை முடித்துவிடுவாராம்.

சொல்ல வேண்டிய பதிலெல்லாம் வண்டியில் வரும்போதுதான் வந்தது.

ஜூன் 4, புதன்

பிடிபட்டது. ஜன்னலும் பொத்தானும் வரையும் கருவித்தொகுப்பு தன் வயிற்றில் தனி ரூபி வைத்திருக்கிறது. கணினியின் ரூபியில் லைப்ரரியை நிறுவினால் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதன் சொந்தக் கோப்புறைக்குள் கையால் நகலெடுத்து வைக்க வேண்டும். வீட்டுக் கணினியில் எப்போதோ செய்து மறந்திருக்கிறேன். விளக்கப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. நான் பத்திரிகை டெஸ்க்கில் இருந்த நாளில், எங்கே என்று சொல்லாமல் செய்தி எழுதுகிறவனை ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன்.

முதலில் வைத்த லைப்ரரி 64 பிட் ரகம். கருவி 32 பிட், ஒட்டவில்லை. எடுத்துவிட்டு மறுபடி.

பி.பி. மாத்திரை வாங்க.

மனைவி மெர்சி, ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே: "பொட்டிய மொறைச்சா பி.பி.தான் ஏறும். சாப்ட்டுட்டு மொறைங்க."

சாயங்காலம் ஹாலில் திறந்தது. அத்தனை ஞாயிறும் வரிசையாக.

ஜூன் 6, வெள்ளி

புழுக்கம். அதிகாரி வந்தார், நிரல் ஓடியது. மேனேஜர் விடவில்லை.

"செவ்வாக்கெழம ஒண்ணுமில்ல. இன்னிக்கி இவ்ளோ கணக்கு. நடுவுல சார்தான் தொறந்து இன்னாமோ போட்டிருக்காரு."

போட்டது எண்களைப் படிக்கும் லைப்ரரி மட்டும், எண்கள் அன்றும் உள்ளேதான் இருந்தன என்றேன். இரண்டு முறை சொன்னேன். அதிகாரி மேனேஜரைப் பார்த்துத் தலையாட்டினார்.

செல்வி எழுந்தாள். லீவு போட்டு வந்தவள். "கெணறு எங்கியும் போய்டல சார். வாங்க."

கிணற்றடிக்குக் கூட்டிப்போய், அதிகாரி பார்க்க மீட்டரை விட்டாள். நிரலில் கடைசியாக இருந்த எண்ணைவிட ஜாஸ்தி. மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

ஹாலுக்குத் திரும்பி எண்ணை ஏற்றினேன். செல்வி பின்னால் நின்றாள்.

"கூட நின்னு பாத்தவரு பேரையும் போடுங்க சார்."

நிரலில் அதற்குக் கட்டம் இல்லை. சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.