மகரத்துக்கு நடுவே ஒரு ககர வரி

ஹர்கெய்சா,
வியாழக்கிழமை.

நம் மகன் லீபானின் தந்தை கூலேத் அவர்களுக்கு அம்பரோவின் சலாம்.

நான் நலம். முழங்கால் மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது; உங்கள் வம்சத்தாரோடு பழகிக் கற்றுக்கொண்ட பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் பிடிக்காத கேள்வி வந்தால் நீங்கள் இருமியே தப்பித்துவிடுவீர்கள். கடிதத்திடம் இருமிப் பயனில்லை. அடுத்த வீட்டு தேகாவின் மகள் மினியாபொலிசுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கண் அறுவைக்குப் பிறகு எழுத்து தெரியவில்லை என்றீர்களாம். மருமகள் உபா படித்துக் காட்டட்டும். அவள் அங்கேயே பிறந்தவள். அவளுக்காகச் சிலவற்றை விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர்த் தொட்டி வழக்கு முடிந்தது. நம் மேய்ச்சல் நிலத்தில் பக்கத்து வம்சத்துச் சமாதரின் ஆட்கள் தொட்டி கட்டி நம் ஒட்டகங்களை விரட்டியதும், நம் இளைஞர்கள் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். சமாதர் ம ஓசையில் கவிதை பாடி நம்மைத் திருடர்கள் என்றார். உபா, இதைக் கவனி: பதிலும் அதே சந்தத்தில், அதே ஓசையில் வர வேண்டும். ஒவ்வொரு வரியின் இரண்டு பாதியிலும் ம ஓசையில் தொடங்கும் சொல் ஒன்று நிற்க வேண்டும், கடைசி வரி வரையில். ஓரிடத்தில் பிசகினாலும் பதில் வராததற்குச் சமம். அதன் பிறகு பேசுவதற்குத் துப்பாக்கிகள் மட்டுமே மிஞ்சும். பெரியவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்த உங்களைக் கேட்டது அதனால்தான்.

நீங்கள் பாடிப் பதிவுசெய்த பதில் என் தொலைபேசிக்கு வந்த அன்று, சபையில் சொல்வதற்காக அதைக் காதால் மனப்பாடம் செய்ய உங்கள் அண்ணன் மகன் தீரியே வந்து உட்கார்ந்தான். கூடவே இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். அழைக்காமலே தேகாவும் வந்தாள். “மணலிடம் கேட்டேன், மழை யாருக்குச் சொந்தமென்று” என்ற வரிக்குப் பெரியவர்கள் தொடையில் தட்டினார்கள். சமாதரே எழுந்து வந்து கைகொடுப்பார் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த வரி வந்தது.

“கதவைத் திற, அம்பரோ, கால் சில்லிட்டுப் போகிறது.”

அடுத்த வரியில் மறுபடியும் ம. எதுவுமே நடவாததுபோல் கடைசி வரை பாடி முடித்தீர்கள். தீரியே தேநீர்க் குவளையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தான். தேகாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“அமெரிக்கா ரொட்டியத் தின்னா நாக்குல மோனை எப்படி நிக்கும்? நாலு நாள் ஒட்டகப் பால் குடிக்கச் சொல்லு, சரியாயிடும்.”

தீரியே சிரிக்கவில்லை. “சித்தி, இத சபையில சொன்னா நம்ம கதை முடிஞ்சுது. சொல்லாம விடவும் முடியாது. அடுத்தவரு கவிதையில ஒரு சொல்ல முழுங்கினாலும் நான் திருடன்.”

அவன் சொன்னது நியாயம். பாடியவர் பெயரைச் சொல்லி, பாடியதை அப்படியே சொல்பவனுக்குத்தான் இங்கே சபையில் இடம். ஆகவே நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். கவிதை என் தொலைபேசிக்கு வந்தது, இடையில் ஒரு கணவர் தன் மனைவியிடம் ஏதோ பேசினார், பேச்சு கவிதையாகாது. வேண்டுமானால் முன்வரியையும் பின்வரியையும் சேர்த்துப் பாடிப் பார்க்கட்டும் என்றேன். பாடிப் பார்த்தான். ஒட்டுப்போட்ட தடயமே இல்லை. பெரியவர்களில் மூத்தவர் தாடியைத் தடவினார். “பொண்டாட்டிகிட்ட பேசினத சபைக்குக் கொண்டுபோறது மரியாதை இல்ல” என்றார். கேலி செய்த தேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சபையில் தீரியே சொல்லி முடித்தபோது சமாதர் எழுந்தார். பிறகு தொட்டி இரு தரப்புக்கும் பொது என்று அவர் வாயாலேயே சொன்னார். துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. உங்கள் பெயர் ஊரில் நன்றாக இருக்கிறது. தலைக்கனம் வேண்டாம்.

இனி, தீரியேயிடம் சொல்லாதது. அது பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் யாப்பு நடத்தி ஓய்வு பெற்ற காது இது. அந்த வரியில் சந்தம் ஓர் அசைகூடத் தளரவில்லை, பாடத்தான் செய்தீர்கள். ஆகவே ஓசை நினைவிலிருந்து நழுவிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பனியில் வெறும் செருப்போடு வெளியே போய், யார் வீட்டுக் கதவின் முன்னாலோ நீங்கள் நின்றுகொண்டிருந்ததாகப் போன மாதம் லீபான் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. எந்தக் கதவு என்று நினைத்துத் தட்டினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அந்த வரியைத் தனியாக வைத்துக் கேட்டேன். கதவு, கால். இரண்டு பாதியிலும் க ஓசை நிமிர்ந்து நிற்கிறது. வெறுமனே மறந்தவரின் வரி அப்படி நிற்காது. அது வேறொரு கவிதையின் முதல் வரி. சமாதருக்கானதல்ல, எனக்கு. அப்படியானால் ஒரு கணவர் தன் மனைவியிடம் சொன்னது என்ற என் தீர்ப்பு பொய்யுமில்லை. அதில் எனக்கு நிம்மதி.

மூன்று குளிர்காலமாக அங்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான். இப்போதும் வரப்போவதில்லை, பனிக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. லீபானிடம் உங்களை மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் என்ன சொன்னாலும் நீங்கள் இங்கே வர விமானச் சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உபா, இந்த இடத்தை அவனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

கவிதையால் கேட்டவருக்குக் கவிதையால்தான் பதில், அதுவும் அதே ஓசையில். ஆண்களின் சந்தத்தில் பெண் பாடலாகாது என்பார்கள். சொல்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

கதவு திறந்துதான் கிடக்கிறது. காலை எடுத்து உள்ளே வையுங்கள்.

சந்தத்தில் குறை இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். அதுவரை வழியையும் உங்களையும் அல்லா காக்கட்டும்.

அம்பரோ