நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள்

அன்பு மகளுக்கு, உன் அப்பா போனபின் உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் அமோகமாக இருக்கிறோம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் கையெழுத்து சோர்ந்து கிடக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடு.

கரண்ட் ஆபீசுக்கு நீயே பணம் கட்டுகிறாயாம், நீ அனுப்பிய காகிதத்தில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் லைன் திரும்ப வந்துவிடுமாம். போட மாட்டேன். அந்த லைன்மேன் தெருவே பார்க்க, "எங்க கம்பி இல்லாம ஒரு நாள் இருந்து காட்டுங்க பெரியவரே"ன்னு சொன்னானே, மறந்துவிட்டாயா? அன்றைக்கே மீட்டரைக் கழற்றிக்கொண்டு போடா என்றேன். வருஷம் ஆகப்போகிறது, குறைந்தா போய்விட்டேன்? கூரைமேல் சோலார் பலகை வைத்திருக்கிறேன், அந்த வெளிச்சத்தைப் பார்த்து விமானம் வழிதவறி இறங்கப் பார்க்கிறது. மழைத்தண்ணீர்த் தொட்டியில் கப்பல் விடலாம். கத்தரிக்காயை ஒரு ஆள் பிடித்துக்கொண்டால்தான் இன்னொரு ஆள் அறுக்க முடியும். உப்பும் தீப்பெட்டியும் தவிர எதுவும் வாங்குவதில்லை, மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் "அண்ணே, உயிரோடதான் இருக்கீங்களா?" என்கிறார்.

சித்தி கோபித்துக்கொண்டு போனது உண்மைதான், மறைக்கவில்லை. சோலார் பலகை விளக்குக்குப் போதும், ஃபேன் போட்டால் பேட்டரி மூச்சை விட்டுவிடுகிறது. "வீம்பு உங்களுக்கு, வேர்வை எனக்கா? எங்க அக்கா வீட்ல காத்தாவது வருது"ன்னு பையைத் தூக்கிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் என் சாமர்த்தியத்தை யாரிடம் சொல்வது? கோழிகள் பாதியிலேயே எழுந்து போய்விடுகின்றன. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றது உனக்குத் தெரியும். ஆனாலும் மூளை சும்மா இருக்குமா? நீ ஓட்டிப் பழகின சைக்கிளைக் கூடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் இழுத்து, ஃபேன் இறக்கையில் மாட்டினேன். மிதித்தால் புயல்!

நேற்று சித்தி மிச்சப் புடவைகளை எடுத்துப்போக வந்தாள். சைக்கிளில் ஏறி மிதித்தேன். நின்றாள், அப்புறம் உட்கார்ந்தாள், "காத்து வருது, சத்தம்தான் கழுதை மாதிரி இருக்கு"ன்னு சொல்லிவிட்டுப் பாயை விரித்தாள். பை இன்னும் வாசலிலேயே இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் அதே லைன்மேன் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "என்ன பெரியவரே, எங்க கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தான். மணியை அடித்து, "உங்க ஆபீசை விட்டு ரொம்ப தூரம் வந்துட்டேன்டா"ன்னேன். சித்தி கண்ணைத் திறக்காமலேயே, "பேச்சுல காத்து குறையுது, மிதிங்க" என்றாள்.

அதனால் அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். லீவுக்கு வரும்போது நல்ல சைக்கிள் செயினாக ஒன்று வாங்கி வா, மறக்காதே. நூறு வயசு நன்றாக இரு. எழுத்து ஆடுகிறதே, சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டதோ என்று பயப்படாதே. ஹேண்டில்பாரில் ஒரு மரப்பலகை வைத்துத்தான் எழுதுகிறேன், நிறுத்தினால் உன் சித்தி எழுந்துவிடுவாள்.

இப்படிக்கு,
மிதித்துக்கொண்டே,
உன் சித்தப்பா