என் ரத்தத்தில் இருந்தது

18 பிப்ரவரி 1998, புதன்

காலை ஷிப்ட். போர்க்லிப்ட்டில் பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக் வரும்வரை, பத்து மணி வரை, துறைமுகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குப் பண்டமாரான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சீதா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கிளினிக் கார்டைக் கையில் வைத்திருந்தாள். பிரசவத் தேதி என்று நர்ஸ் எழுதியிருந்தது இன்றைக்கு. அந்தப் பிள்ளையைப் போன அக்டோபரிலேயே, ஐந்தாம் மாதத்தில், எடுத்துவிட்டார்கள். மண்டையோடு மூடவில்லை, பிழைக்காது என்று ஸ்கேனில் சொன்னார்கள். 95-ல் பிறந்த மூத்தவனுக்கும் அதேதான். அவன் நாற்பது நிமிடம் மூச்சு விட்டான்.

"இன்னைக்குப் பொறந்திருக்கும்ங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கார்டைப் பிடுங்கிக் கிழித்தேன். அப்புறம் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. உதடு கிழிந்துவிட்டது.

அழுதால் அடிக்கிறேன். அழாவிட்டாலும் அடிக்கிறேன். பிறகு எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்?

22 பிப்ரவரி, ஞாயிறு

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அப்பா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. இன்று சோறு போட்டுக்கொண்டே, சீதா காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார்: "அவ குடும்பத்து ரத்தம்டா ரெங்கா. நம்ம பக்கம் யாருக்கு இப்படிப் பொறந்துச்சு? இந்த வீரம்மா வயித்துல பொறந்த நீ கல்லு மாதிரி இல்லையா?"

சீதா தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் முதுகைப் பார்த்தேன். அம்மா சொல்வது சரி என்றே தோன்றியது.

3 மார்ச், செவ்வாய்

லீவு. கொமுட்டர் ரயிலில் இரண்டு பேரும் கோலாலம்பூர் போனோம். கிள்ளான் ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் மார்க்கிரட்டின் கிளினிக். ஐம்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். நம் பேச்சுதான் பேசினார்.

கீரையில், பயறில் போலேட் என்று ஒரு சத்து இருக்கிறதாம். பிள்ளையின் மண்டையும் முதுகெலும்பும் மூட அது வேண்டுமாம். சிலர் உடம்பில் ஒரு ஜீன் மாறிப்போயிருந்தால் அந்தச் சத்து சரியாக வேலை செய்யாது. மூன்று வருஷத்துக்கு முன்தான் கண்டுபிடித்தார்களாம். ரத்தத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

"ரெண்டு பேர் ரத்தமும் வேணும்."

"என் ரத்தம் எதுக்கு டாக்டர்?"

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே?"

அவர் பார்வை சீதாவின் கைக்குப் போயிற்று. முழங்கைக்கு மேலே நான் பிடித்த நாலு விரல் தடமும் நீலமாக இருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள் சீதா. டாக்டர் என்னை ரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். இருபது நிமிடம்.

ரயிலில் கேட்டேன், என்ன சொன்னார் என்று. "மாத்திரை சாப்பிடணும்னாங்க." அந்த டாக்டரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், ரிசல்ட் வரட்டும், ஒழுங்காக வீட்டில் கிட என்றேன். எதிரே இருந்த சீனக் கிழவி எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு சத்தமாகவா பேசினேன்?

29 மார்ச், ஞாயிறு

ஓவர்டைம் இல்லை. வேலையிலிருந்து ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ரிசல்ட் வரவில்லை.

17 ஏப்ரல், வெள்ளி

அரிசி டப்பாவுக்குள் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டுபிடித்தார். சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள். நான் வாசலில் ஷூ கழற்றும்போதே கொண்டுவந்து காட்டினார். "பாரு உன் பொண்டாட்டி யோக்கியத்த. பிள்ளை தரிக்காம இருக்க மாத்திரை திங்கறா."

நானும் அதைத்தான் நினைத்தேன்.

பெல்ட். அப்புறம் கை. மாத்திரை எல்லாத்தையும் வாசல் லோங்காங் தண்ணீரில் கொட்டினேன். அவ பின்னாலேயே ஓடிவந்து சாக்கடைக்குள்ள கையை விட்டா. கறுப்புத் தண்ணி. தேடறா. முடியப் பிடிச்சு இழுத்தேன். அப்பத்தான் கத்தினா. ஏழு வருஷத்துல என்னை ஒரு தடவ 'நீ'ன்னு கூட சொன்னதில்ல.

"அது பிள்ளைக்குடா! பிள்ளைக்கு! கொல்லாதடா!"

மணிக்கட்டை மிதிச்சேன். வேணும்னு மிதிச்சேனா? சத்தம் கேட்டுச்சு. முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு பவுனம்மாள் அக்கா வேலியோரம் நின்னு பார்த்தாங்க. நான் பார்த்ததும் உள்ள போயிட்டாங்க.

18 ஏப்ரல், சனி

எலும்பு முறிவு. கிள்ளான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்குமுன் சிறுநீர் பார்த்தார்கள். சீதா கர்ப்பம். ஆறு வாரம்.

அவளுக்கு முன்பே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

டாக்டருக்கு வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். ஆனால் பவுனம்மாள் அக்கா செமினி ஊருக்குப் போன் போட்டிருக்கிறார், சீதாவின் தம்பி ஜெயராஜுக்கு.

19 ஏப்ரல், ஞாயிறு

ஜெயராஜ் மணல் லோரி ஓட்டுகிறான். லோரியோடு வந்தான். நான் கேட்டைத் திறந்து "வாடா மச்சான்" என்றேன். ஸ்பேனரால் வாயில் அடித்தான். விழுந்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு.

"உன்னை மாமா மாமான்னு கூப்பிட்ட வாய் என்னோடது. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வந்தே, லோரிய மேல ஏத்திருவேன்."

அம்மா அலறினார். சீதா மாவுக்கட்டுக் கையோடு லோரியில் ஏறினாள். ஒரே ஒரு பை. திரும்பிப் பார்க்கவில்லை.

முன்பல் இரண்டு போய்விட்டது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

27 ஏப்ரல், திங்கள்

கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் போனேன். டாக்டர் மார்க்கிரட் என் வாயைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சீதா ஏற்கனவே அவரிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது.

"மனைவியோட ரிப்போர்ட்ட அவங்ககிட்டதான் சொல்லுவேன். உங்களோடதைச் சொல்றேன்" என்றார். தாளில் இரண்டு கோடு போட்டார். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு இரண்டாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. சிலருக்கு அதில் ஒன்று மாறியிருக்கும். எனக்கு இரண்டும் மாறியிருக்கிறது.

"அப்போ பிள்ளைங்க போனது என்னாலயா?"

"அப்படியும் சொல்ல முடியாது. இது எத்தனையோ பேருக்கு இருக்கு, அவங்க பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. தாயோட உடம்புக்கு இதுல பெரிய பங்கு. சாப்பாடு, இன்னும் நமக்குத் தெரியாத என்னென்னமோ. ஆனா அவ ரத்தம், அவ குடும்பம்னு சொல்றதுக்கு இடமே இல்லை, மிஸ்டர் ரெங்கசாமி. உங்க ரத்தத்துலயே இருக்கு."

அப்புறம் நானாகக் கேட்டேன், மஞ்சள் மாத்திரை என்ன என்று.

"போலிக் அசிட். கரு உண்டாகறதுக்கு முன்னாலேயே ஆரம்பிக்கணும். பிள்ளையோட மண்டை மூடறது ஆறாவது வாரத்துக்குள்ள."

ஆறாவது வாரம்.

சாக்கடையில் கையை விட்டுத் தேடினாளே.

"சீதா இப்பவும் சாப்பிடுதா?" என்றேன். மருந்துச் சீட்டை எடுத்தார். எனக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். என் ரத்தத்தில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறதாம், அது குறையுமாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

28 ஏப்ரல், செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். உங்ககிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்துதான் நான், என்று.

"எவளோ எழுதிக் கொடுத்தா நீ நம்பிருவியா? நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்ல!"

டிவியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி சிதறி அம்மா காலில் பட்டது. கையை ஓங்கிவிட்டேன், பெத்தவள் மேல். அம்மா நகரவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பழக்கப்பட்டவள் செய்வது போல. சீதாவும் அப்படித்தான் செய்வாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு முன்னால எனக்கும் ரெண்டு போச்சு. ஒண்ணு தலையே இல்லாம. உங்கப்பன் விறகுக் கட்டையாலயே அடிப்பான். யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டான்."

தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷமா தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே அவளைச் சொன்னாங்க.

நான் மட்டும்? அம்மா சொன்னதால்தான் அடித்தேனா?

2 மே, சனி

இதைச் சொல்லத்தான் செமினிக்குப் போனேன். சத்தியமாக இதைச் சொல்லத்தான். மூன்று பஸ் மாறி, ரிசல்ட் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. ஜெயராஜ் லோரி வாசலில் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். சீதா சன்னல் திரையை விலக்கினாள். பார்த்தாள். மூடிவிட்டாள்.

"தப்பு என் மேலதான் சீதா! டாக்டர் சொல்லிட்டாங்க!"

திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவனை வெயிலில் நிறுத்தினால் — கேட்டை உதைத்தேன். பூந்தொட்டியை எடுத்துச் சன்னலில் எறிந்தேன். உள்ளே அவள் அலறினாள். அந்த அலறல் எனக்குத் தெரியும். அதன்பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது.

போலீஸ் வந்தது. காஜாங் லோக்காப்பில் இரண்டு ராத்திரி. ரிசல்ட் தாளையும் பெல்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதை வீட்டுக்கு வந்தபின் திங்கட்கிழமை எழுதுகிறேன்.

13 மே, புதன்

கோர்ட் உத்தரவு. நான் அவளை நெருங்கக்கூடாது, போன் செய்யக்கூடாது, ஆள் அனுப்பக்கூடாது. மலாயில் வாசித்தார்கள். புரிந்ததா என்று மேஜிஸ்ட்ரேட் கேட்டார். புரிந்தது என்றேன்.

9 ஜூன், செவ்வாய்

வேலையில் கன்னையா அண்ணன் விளையாட்டாக "என்ன ரெங்கா, பல்லு எங்க லா?" என்றார். கழுத்தைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் இழுத்துப் பிரித்தார்கள். அறுபது வயது மனுஷன். என் விரல் தடம் அவர் கழுத்தில்.

இது மட்டும் எந்த ஜீன்? டாக்டரைக் கேட்கவேண்டும்.

11 ஜூன், வியாழன்

கேட்டேன். "அதுக்கு டெஸ்ட் இல்லை" என்றார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு இடம் சொன்னார், அடிக்கிற ஆண்கள் போய்ப் பேசுகிற இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். போகமாட்டேன் என்று நினைக்கிறேன்.

19 ஜூன், வெள்ளி

போனேன். வாயைத் திறக்கவில்லை.

25 ஜூலை, சனி

இருபதாவது வாரம். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். போன தடவை ஸ்கேனில் சொன்னது இந்த வாரத்தில்தான். வேலைக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயில் வரை போய் உள்ளே போகாமல் திரும்பினேன். என்ன வேண்டுவது? அந்த ஆறாவது வாரத்தைத் திருப்பிக் கொடு என்றா?

29 ஜூலை, புதன்

மத்தியானம் போன். ஜெயராஜ்.

"தலை முழுசா இருக்கு. முதுகும். அக்கா சொல்லச் சொன்னுச்சு, சொல்லிட்டேன்."

வைத்துவிட்டான்.

அம்மா யார் என்று கேட்டார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

18 செப்டம்பர், வெள்ளி

இன்று அந்த இடத்தில் பேசினேன். மணிக்கட்டைப் பற்றி. விழுந்ததில் ஒடிந்தது என்றேன். நடத்துகிற நல்லம்மாள் ஆன்டி, "விழுந்ததுன்னு சொல்லாதீங்க. நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார். எழுந்து நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப் வரை போனேன். திரும்பப் போய் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"மிதிச்சேன்" என்றேன்.

8 டிசம்பர், செவ்வாய்

பெண் பிள்ளை. இரண்டரை கிலோ. டாக்டர் மார்க்கிரட் போனில் சொன்னார், சீதா அனுமதி கொடுத்த பிறகு. என் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் போடுவதா என்று சீதா இன்னும் சொல்லவில்லையாம்.

அம்மா பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று அழுதார். "நீங்களும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது" என்றேன். கத்தாமல் சொன்னேன்.

14 ஏப்ரல் 1999, புதன்

சமூகநலத்துறை ஆபீசில் பிள்ளையைப் பார்க்க அரை மணி நேரம். சீதாவே சரி என்று சொன்னாளாம். முதல் தடவை. அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கதவு திறந்தே இருந்தது. ஜெயராஜ் வெளியே நடைபாதையில்.

சீதா உடம்பு தேறியிருக்கிறாள். இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கையில்தான் பிள்ளையை வைத்திருந்தாள். பிள்ளைக்குத் தலை நிறைய முடி.

அதிகாரி என்னைப் பார்த்து, தூக்கிக்கொள்கிறீர்களா என்று மலாயில் கேட்டார். எழுந்தேன்.

"வேண்டாம்" என்றாள் சீதா. "அவரை முதல்ல தரையில உட்காரச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். அவள் பாயை விரித்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் பிள்ளையைக் கிடத்தி, நடுவில் தானும் உட்கார்ந்தாள். பிள்ளை குப்புறக் கவிழ்ந்து, கழுத்தைத் தூக்கி என்னைப் பார்த்தது. சிரித்தது, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற வயது.

சீதா என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொசு கடித்தது, சொறிய ஒரு கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று பிள்ளை மேல் கவிழ்ந்துவிட்டாள்.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மீதி நேரம் முழுக்க அப்படியே இருந்தேன்.